கண் கட்டாதவள்

குத்தாயிசியில் ஞாயிறு மதியம்.
பழைய பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்.
ஏழு பேர் கண்ணில் கட்டியிருந்த துணிகளை
அவிழ்த்து என் மடியில் போட்டார்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு நெற்றியின் சூடு.

நீலநிறக் கொடிக்கயிறு தரையில் கிடக்கிறது,
ஏறக்குறைய சதுரமாக.
அதைத்தான் கேட்டிருந்தேன்:
பார்க்காமல், கயிற்றை விடாமல், ஒரு சதுரம்.
இருபது நிமிடம் ஆயிற்று.

விளையாட்டு எளிது.
பிறகு நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போடும்
அந்தக் கரகரப்பில்தான்
என் வேலை தொடங்குகிறது.

"என்ன நடந்தது?"
முதலில் அவ்வளவுதான் கேட்பேன்.
என்ன தோன்றியது என்று ஆரம்பித்தால்
இவர்கள் கை கோப்பையைத் தேடும்.
ஜார்ஜிய விருந்து மேசைகளில்
எழுந்து நின்று வாழ்த்திப் பழகிய வாய்கள்;
நட்புக்கு, இறந்தோர்க்கு, பிறக்கப்போகும் பிள்ளைக்கு,
வாழ்த்துக்கு ஒரு கோப்பை.
கோப்பையை விட்டு மாதங்கள் ஆகின்றன.
வாழ்த்து விடவில்லை.

ஜெமால் எழுந்தே விட்டான்.
"நம் ஒற்றுமைக்கு!" என்றான்
வலது கையில் காற்றைப் பிடித்துக்கொண்டு.
சிரித்தோம். அவனும் சிரித்து உட்கார்ந்தான்
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.
தன் குரல்தான் எல்லோரையும் நடத்திப்போனது என்றாள் மக்வாலா.
மூலைகளைத் தடவி எண்ணினேன், நான்கும் சரி என்றான் ரெவாஸ்.
நன்றாக இருந்தது.
நன்றாகத்தான் இருந்தது.
யாரும் கடிக்காத சோளரொட்டி போல
அந்தச் சொல் வட்டத்தைச் சுற்றிவந்து
என்னிடமே சேர்ந்தது.

காத்திருந்தேன்.
மனசுக்குள் பதினைந்து எண்ணு,
மௌனத்தை நீ முதலில் உடைக்காதே என்று
பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.
ஒன்பதில், ரியோனி ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்று
ஜன்னலைப் பிடித்து ஆட்டியது.
பன்னிரண்டில்
நுக்ஸார் தொண்டையைச் செருமினார்.

"நான் கயிற்றை விட்டுட்டேன்.
இரண்டாவது நிமிஷமே.
சுவரோரமாப் போய் நின்னேன், கண்கட்டை அவிழ்க்காம.
யாராவது என் பேரைச் சொல்வீங்கன்னு பார்த்தேன்.
சதுரம் முடிஞ்சுது, கைதட்டினீங்க.
நானும் தட்டினேன்."

எட்டு நாற்காலியும்
ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்ததுபோல் இருந்தது.
மக்வாலா கயிற்றையே பார்த்தாள்.
ரெவாஸ் மறுபடி எண்ணினான்,
இம்முறை ஆட்களை.

அடுத்த கேள்வி என்னிடம் தயாராக இருந்தது:
வெளியே, வாழ்க்கையில், வேறெங்கே
இப்படிக் கைவிட்டு ஒதுங்கி நின்றீர்கள்?
நல்ல கேள்வி. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
அதற்குள் அவர் என் பக்கம் திரும்பினார்.

"எத்தேரி, உன் கண்ணை யாரும் கட்டலியே."

கட்டவில்லை.
பதினெட்டு நிமிடமும் பார்த்தேன்.
ஈரம் பூத்த சுவரில் முதுகு சாய்த்து
பேருந்துக்குக் காத்திருப்பவர்போல் அவர் நின்றதை,
இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவர் அவர்.
குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன்:
'நு. சுவரோரம். பிறகு பேச உதவும்.'
ஒரு மனிதரின் தனிமையை
பின்னால் ஆகும் என்று
உப்புப் போட்டு எடுத்துவைத்திருக்கிறேன்.

இதற்குப் பதினைந்து எண்ணத் தோன்றவில்லை.
"பார்த்தேன்" என்றேன்.
"கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல."

நுக்ஸார் தலையசைத்தார்,
சில்லறை சரியாக இருக்கிறது என்பதுபோல.
மன்னித்தாரா, தெரியாது.
என் முகம் எரிந்தது. அதையும் ஏழு பேர் பார்த்தார்கள்;
பார்க்கட்டும்.

"எந்தச் சுவர்?" என்றான் ஜெமால்.
அவர் காட்டினார்.
ஜெமால் போய் அங்கே நின்றான், கண்ணை மூடிக்கொண்டு.
வெகுநேரம் நின்றான்.
இன்றைக்கு அவன் வாழ்த்தாகச் சொல்லாத ஒரே வாக்கியம்:
"இங்க ரொம்பக் குளிருது."

'இனி என்ன?' என்பது என் தாளில் கடைசிக் கேள்வி.
கேட்கவில்லை.
காவலாளி வாசலில் சாவியை ஆட்டினான்.
நாற்காலிகள் மறுபடி கரகரத்தன.
நுக்ஸார் கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டே வந்து
ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.
"பிடி. சிக்கு விழுந்திருக்கு."